முதுகு கருகிய சாமிப் படங்கள்

எங்கள் மாடியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சுத் துப்பறிவாளர் ஒருவர் குடியிருந்தார் என்று நான் சொன்னால், இவன் வாசித்ததையும் வாழ்ந்ததையும் போட்டுக் குழப்புகிறான் என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். யாழ்ப்பாணத்தில் பாடப்புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை ஒளித்து வைத்து வாசித்து, அதன் பயனாகப் பல்கலைக்கழகம் போகாமல் தப்பியவன் நான். ஆனால் அந்த மனிதர் இருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, கனடாவில் வெக்ஸ்போர்ட் என்கிற பகுதி, எலிவேற்றரை விட்டு இறங்கினால் இடப்பக்கக் கதவு. மகளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பிக்கிற வேலை. தாய் போனபிறகு தகப்பன் தனியே இருக்க வேண்டாம் என்று அவள்தான் லியோனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள்.

நாவல்களில் வருகிறவர்களோடு ஒப்பிட்டால் அவர் பெரிய ஏமாற்றம். மீசை இல்லை. தன் மூளையைப் பற்றிய பெருமை இல்லை. குற்றவாளிகளை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டால், யாராவது ஒருவருடைய பெண்சாதி போன் எடுத்துச் சொல்லிவிடுவாள் என்பார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கொடுத்த வேலை, தங்கள் பண்டகசாலையைத் தாங்களே கொளுத்துகிற முதலாளிகளைப் பிடிப்பது. சாம்பலைக் கிளறிக் கிளறி அலுத்துப்போய், இனி எந்த மனிதனுடைய பொய்யையும் முன்னால் இருந்து கேட்கமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு கனடா வந்தவர். பொய் கேட்காமல் இருப்பதற்கு எங்கள் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் அவர் செய்த ஒரே தொழிற்பிழை.

அவருடைய ஆங்கிலம் பிரெஞ்சுப் பக்கமும் என்னுடைய ஆங்கிலம் யாழ்ப்பாணப் பக்கமும் சாய்ந்திருந்தன. இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் நாங்கள் நண்பர்கள், மற்ற இடமெல்லாம் பகை. பகைக்குக் காரணம் மணம். மீன் பொரித்தால் கதவைத் தட்டுவார். மிளகாய் வறுத்தால், கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பரிடம் முறைப்பாடு கொண்டுபோவார். எல்லாவற்றிலும் பெரிய எதிரி, என் எதிர்வீட்டு அக்கா பின்னேரங்களில் போடுகிற சாம்பிராணி. அது கொரிடோர் முழுக்க நடந்து திரிந்துவிட்டுக் கடைசியில் அவருடைய மூக்குக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அக்காவின் புருஷனை எல்லாரும் மாஸ்ரர் என்றுதான் சொல்லுவோம். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே ஒரு கார்த் தரிப்பிடத்தில் காவல் இருந்தார். நான் சொல்லப்போகிற மாரிக் குளிருக்கு முன்னால் நெஞ்சைப் பிளந்து இருதயத்துக்கு ஒப்பரேஷன் செய்து வீட்டில் கிடந்தார். வீட்டில் சாமியறை என்பது வாசலோரக் குளோசெற். குளிருடுப்பு மாட்டுவதற்கென்று கட்டின அந்த ஓட்டையில், உடுப்பையெல்லாம் கழற்றிக் கதிரை முதுகுகளில் போட்டுவிட்டு, தட்டு அடித்துச் சாமிப் படங்களை வரிசையாக வைத்து, முன்னால் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. எங்கள் கட்டடத்தில் அரைவாசிக் குளோசெற்றுகள் கோயில்கள்தான். கனடாவில் சாமிக்கும் குளிரும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அது ராணுவம் வருகிறதென்று சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை வெறும் ஊராக விட்டுவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த மாரி. மாஸ்ரரின் தாயும் நடந்தார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்தவர் எழும்பவில்லை. சேதி கொழும்புக்கு வந்து, அங்கிருந்து அக்காவின் தமையனுக்குப் போனில் வந்தது. தமையன் மிசிசாகாவில் ஒரு ஒஃபிசில் மனேஜர், அதாவது ஆட்களுக்குச் சேதி சொல்லாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அவர் உடனே ஒரு கட்டளை போட்டார். டொக்டர் அதிர்ச்சி கூடாது என்று சொல்லியிருக்கிறார், மச்சானுக்கு மூச்சு விடக்கூடாது.

மாடி முழுக்க அறிந்திருந்தது. பக்கத்து மாடிக்கும் தெரியும். கோயிலில் தெரியும், மளிகைக் கடையில் தெரியும். எல்லாரும் மாஸ்ரரைப் பார்க்கப் போய், அப்பிள் பழத்தைக் கொடுத்து, அம்மா எப்படி இருக்கிறா என்று அவரிடமே விசாரித்துவிட்டு வந்தார்கள். அவர் பாவி மனிதர், "லைன் கிடைக்குதில்லை, ஆனா அவ உறுதியான மனுசி" என்று பதில் சொல்லுவார். சொல்லிவிட வேண்டும் என்று நான் அபிப்பிராயப்பட்டேன். என் அபிப்பிராயத்துக்கு எங்கள் வீட்டில் வானிலை அறிக்கைக்கு அடுத்த இடம்.

இந்த நிலைமையில்தான் நெருப்புப் பிடித்தது. பட்டப்பகல். அக்கா கீழே உடுப்புத் தோய்க்கப் போயிருந்தார். மாஸ்ரர் மருந்து குடித்துவிட்டு நித்திரை. முதலில் மணந்தது யாருக்கென்று சொல்ல வேண்டுமா? பிரெஞ்சுக்காரர் வெளியே ஓடிவந்து, கதவைத் தோளால் இடித்து, மாஸ்ரரைப் போர்வையோடு இழுத்து எடுத்தார். இந்தக் கட்டடத்தில் அந்த மூக்கைச் சபிக்காதவர்கள் குறைவு. அன்றைக்கு அது ஒரு உயிரைக் காப்பாற்றியது. வீடு முன்பக்கம் எரிந்தது. பக்கத்து வீட்டுப் போலந்துக் கிழவி புகையை விழுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். அதனால்தான் அது வெறும் நெருப்பாக இல்லாமல் பொலிஸ் விஷயமாகிவிட்டது.

அக்காவும் மாஸ்ரரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த நாள் ஒரு பொலிஸ்காரரும் நெருப்பு விசாரிக்கிற ஒருவரும் வந்து எங்கள் சோபாவில் இருந்தார்கள். அவர்கள் கேட்க வந்ததைச் சூப்பர் ஏற்கனவே சொல்லிக் கொடுத்திருந்தார்: இந்த ஆட்கள் குளோசெற்றுக்குள் சாமிக்கு நெருப்பு வைக்கிறவர்கள். நான் மொழிபெயர்த்தேன். மாஸ்ரர் சால்வையைப் போர்த்துக்கொண்டு எதிரே இருந்தார். கீழே போகுமுன் விளக்கு ஏற்றினீர்களா என்று பொலிஸ்காரர் கேட்டார். அக்கா ஒருமுறை புருஷனைப் பார்த்தார்.

"ஓம். ஏத்தினன்."

பொலிஸ்காரர் பேனையை மூடினார். என் ஆத்திரத்தில் பாதி அந்தப் பேனை மூடின சத்தத்திலேயே தொடங்கியது. ஒரு கேள்வி, ஒரு பதில், வேலை முடிந்தது. சுவரைப் பார்த்தார்களா, வயரைப் பார்த்தார்களா என்று கேட்டால், அந்தப் பெண்ணே ஒத்துக்கொள்கிறாள், பிறகென்ன என்ற முகம். லோயரைக் கேட்டோம். மூச்சு முட்டின கிழவி இருக்கிறபடியால் வழக்குப் போடுவார்கள் என்றார். இவர்களுக்கு இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதிக்கிற லாண்டட் பேப்பர் இன்னும் வரவில்லை. குற்றம் என்று தீர்த்தால் அது வராமலே போகலாம், திருப்பி அனுப்பவும் கூடும் என்றார். திருப்பி எங்கே? ஊரையே ஆட்கள் விட்டுவிட்டு ஓடுகிற நேரத்தில்.

இரண்டொரு நாள் கழித்துப் பிரெஞ்சுக்காரர் என்னை எலிவேற்றருக்கு முன்னால் மறித்தார்.

"அந்த அம்மா பொய் சொல்லுறா," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு எங்கள் சாம்பிராணியும் பிடிக்காது, எங்கள் பெண்களையும் பிடிக்காது என்று சொன்னேன். ஆங்கிலத்தில் கோபப்படும்போது எனக்கு வினைச்சொற்கள் காணாமல் போய்விடும். அவர் பொறுமையாக என் வினைச்சொற்கள் திரும்பி வரும்வரைக்கும் காத்து நின்றார். பிறகு சொன்னார்: அந்தச் சாம்பிராணி மணம் நின்று கன நாளாகிறது. தான் சூப்பரிடம் கொடுத்த கடைசி முறைப்பாடு பலித்துவிட்டது என்று நினைத்து, அந்தச் சந்தோஷத்தில் ஒரு சின்னப் போத்தல் வைன்கூட உடைத்திருக்கிறார். பின்னேரத்து எண்ணெய்த் திரி மணமும் அதே நாளோடு நின்றுவிட்டது. விளக்கு ஏற்றாத பெண் ஏற்றினேன் என்று பொலிசிடம் ஏன் சொல்ல வேண்டும்?

"பொய் சொல்லித் தப்புற ஆக்களைத்தான் எனக்குத் தெரியும்," என்றார். "பொய் சொல்லி மாட்டுற ஆள் எனக்குப் புதுசு. எனக்கு உது பிடிக்கேல்லை."

சபதம் அந்த இடத்தில் உடைந்தது. மாஸ்ரரின் கண்ணாடியை எடுக்க வேண்டும் என்று சூப்பரிடம் சாவி வாங்கிக்கொண்டு எரிந்த வீட்டுக்குள் போனோம். ஈரக்கரி நாற்றம். அவர் குளோசெற்றுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, ஒன்றையும் தொடாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பொம்மைக் கடைக்கு முன்னால் நிற்கிற குழந்தை மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். பிள்ளையார், முருகன், அம்மன், வரிசையாக எல்லாருடைய முகமும் கண்ணாடிக்குள் அப்படியே. முதுகுப்பக்கந்தான் கரிக்கட்டை. விளக்கில் ஒரு சொட்டு எண்ணெயோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லை. துடைத்துக் கவிழ்த்து வைத்த விளக்கு. மேலே பார்த்தபடி இருந்த அதன் அடிப்பக்கத்தில் புகை படிந்திருந்தது.

"நெருப்பு கடவுளுக்கு முன்னால இருந்து வரேல்லை," என்றார். "பின்னால இருந்து வந்திருக்கு."

பின்னால் சுவர். சுவருக்குள் ஹீற்றருக்குப் போகிற வயர். அது பொறி தட்டுகிறது என்று மாஸ்ரர் முன்னரே சொல்லி, சூப்பர் வந்து வயரில் ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றிவிட்டுப் போனது எனக்கே தெரியும். அந்த ரேப் இப்போது உருகி ஒரு அட்டை மாதிரிச் சுருண்டு கிடந்தது.

நான் வீட்டுக்கு ஓடிவந்து, குசினியில் நின்ற என் மனைவியிடம், துப்பறிவாளரின் உதவியாளனுக்கு உரிய பெருமையோடு, அக்கா விளக்கே ஏற்றவில்லை, தெரியுமா என்று கேட்டேன். அவள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"துடக்கு வீட்டில ஆர் விளக்கேத்துறது? உங்களுக்கு உதுகூடத் தெரியாதே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமி செத்த சேதி வந்த அன்றே அக்கா விளக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். துடக்கு என்றால் சாவுத் தீட்டு, முப்பத்தோராம் நாள் முடியும்வரைக்கும் அந்த வீட்டில் சாமிக்கு வெளிச்சம் இல்லை. மாஸ்ரருக்கோ, சாம்பிராணிப் புகை உங்கள் நெஞ்சுக்குக் கூடாது, விளக்கை மட்டும் நீங்கள் நித்திரையாக இருக்கும்போது ஏற்றுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். பொலிஸ்காரர் கேட்டபோது மாஸ்ரர் எதிரே இருக்கிறார். ஏற்றவில்லை என்றால் ஏன் ஏற்றவில்லை என்று மாஸ்ரர் கேட்பார். ஏன் என்று சொன்னால் தாய் செத்தது வெளியே வரும். அதனால் அந்தப் பெண் ஒரு வினாடிக்குள் கணக்குப் போட்டு, ஏற்றினேன் என்று சொல்லி, செய்யாத குற்றத்தைத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்த மாடியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இது தெரிந்திருந்தது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒரு பிரெஞ்சு மூக்கு வந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மிசிசாகாத் தமையன் கூப்பிடாமலே வந்தார். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு மாநாடு. உள்ளே மாஸ்ரர் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் அக்கா தப்பிவிடுவார் என்று நான் சொன்னேன். தமையன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ஒஃபிஸ் முழுக்க இருந்தது.

"கேஸ் எண்டால் லோயர் பாப்பார். உயிர் போனால் ஆர் பாக்கிறது? நீரே?"

அக்கா அழவில்லை. சீலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றிக் கயிறாக்கிக்கொண்டு நின்றார். "நான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணினாலும் பரவாயில்லைத் தம்பி," என்று என்னிடம் சொன்னார். "அவர் இருக்கோணும்."

இதை அன்பு என்று சொல்லலாம். எனக்கு அன்றைக்கு அது அன்பாகத் தெரியவில்லை. கூட்டமாகச் சேர்ந்து ஒரு மனிதனைக் குழந்தையாக்கி வைத்திருக்கிற அட்டகாசமாகத் தெரிந்தது. இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. நாங்கள் ஊரைவிட்டு ஓடிவந்தபோது பெட்டியில் இடமில்லை என்று எத்தனையோ நல்ல சாமான்களை விட்டுவிட்டு வந்தோம். இந்தப் பழக்கத்தை மட்டும் ஒரு சுருக்கமும் விழாமல் மடித்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

நான் போய்ப் பிரெஞ்சுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துடக்கை ஆங்கிலத்தில் விளக்குவதற்கு எனக்கு நேரம் பிடித்தது. அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டார். செத்தவர் வீட்டில் மணிக்கூட்டை நிறுத்துகிறவர்கள் தன் பாட்டியின் ஊரிலும் இருந்தார்கள், அது பரவாயில்லை என்றார். அவருக்குக் கோபம் ஏற்றியது மற்றது, மாஸ்ரரிடம் ஒளித்தது.

"டொக்டர் சொன்னவரா, தாய் செத்ததைச் சொல்லக்கூடாதெண்டு?"

அதிர்ச்சி கூடாது என்று பொதுவாகச் சொன்னவர் என்றேன்.

"அது எல்லாருக்கும் சொல்லுறது. எனக்கும் சொன்னவை."

பிறகு தொப்பியை எடுத்தார். போகிற வழியில் தன் தொழிலைப் பற்றி முதன்முதலாக மனம் திறந்து பேசினார். கதவைத் தட்டிச் சாவைச் சொல்லுவதுதான் தன் உத்தியோகத்தில் தான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை என்றார். மற்ற அதிகாரிகள் இளம் பொலிஸ் பெடியன்களை அனுப்பி, விபத்து என்பார்கள், கொஞ்சம் கடுமை என்பார்கள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்பார்கள். தான் சேதியை முதல் வசனத்தில் சொல்லுவாராம். சொன்னதால் செத்தவனைத் தான் கண்டதில்லை, ஒளித்ததால் பிறகு வந்து தன் சட்டையைப் பிடித்தவர்களைக் கண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்குள் வந்து ரீவியை நிறுத்தச் சொன்னார். தொப்பியைக் கழற்றினார். மாஸ்ரருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, முழங்கால் முட்ட இருந்தார். தமையன் குறுக்கே வந்தார். அவரை ஒரு கையால், திரைச்சீலையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினார்.

"உங்கள் அம்மா இறந்துவிட்டார்," என்றார்.

அவ்வளவுதான். வருந்துகிறேன், கடவுள் சித்தம், நல்ல சாவு, ஒன்றும் இல்லை. நாங்கள் சுற்றி நின்ற ஒருவரும் மாஸ்ரரின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவருடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஏறி இறங்கியது. திரும்பவும் ஏறி இறங்கியது.

"எப்ப?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். சொன்னேன்.

"கொள்ளி ஆர் வைச்சது?"

"உங்கடை பெறாமகன்."

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்தார். பிறகு அவருக்குள் இருந்த கணக்கு வாத்தியார் மெதுவாக எழும்பி வந்தார். அது எங்களுக்குத் தெரிந்தது. அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீர் விளக்கேத்தேல்லை."

"இல்லை."

"எனக்குத் தெரியாமல் எனக்கும் சேர்த்துத் துடக்குக் காத்தனீர். பிறகு பொலிசுக்கு ஏத்தினன் எண்டு சொன்னனீர்."

அக்கா இப்போதுதான் அழுதார். தமையன், ஆத்திரப்படக்கூடாது மச்சான், டொக்டர் சொன்னவர் என்று தொடங்கினார். மாஸ்ரர் குரலை உயர்த்தவில்லை.

"நெஞ்சைப் பிளந்து தைச்ச டொக்டர், இவன் தாங்குவன் எண்டு வீட்டை அனுப்பினவர். உந்தப் பிரெஞ்சுக்காரர், தாங்குவன் எண்டு வந்து முன்னால இருக்கிறார். என்ரை சனத்தில ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, நான் ஒரு ஆம்பிளை எண்டு நம்பேல்லை."

பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "போனை இஞ்சை தாரும்."

பொலிசுக்கு அவரே எடுத்தார். வகுப்பில் கடினமான கணக்கை விளங்கப்படுத்துகிற குரலில், என் மனைவி விளக்கு ஏற்றவில்லை, காரணம் எங்கள் வீட்டில் சாவு, வந்து சுவரைப் பாருங்கள் என்றார். அவர்கள் வருவதற்குள் சூப்பர் குப்பைப் பைகளோடு எரிந்த வீட்டைத் துப்புரவாக்க வந்துவிட்டார். துப்புரவில் அவருக்கு அப்படி ஓர் அக்கறை அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பிரெஞ்சுக்காரர் என் மடக்குக் கதிரையைக் கொண்டுபோய்க் குளோசெற்றுக்கு முன்னால் போட்டு இருந்துகொண்டார். எழும்பச் சொன்னபோது அவருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. நெருப்பு விசாரிக்கிறவர் வந்து படங்களின் முதுகையும், பிறகு சுவருக்குள் இருந்த ரேப்பையும் பார்த்தபோது, திடீரென்று நன்றாக விளங்கியது.

வழக்கு இல்லை என்று ஒரு போன் வந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் அந்தப் போனில் வரவில்லை. போலந்துக் கிழவி சுகமாகி வந்து, புகையைவிட ஆஸ்பத்திரிச் சூப்புத்தான் மோசம் என்றார். கட்டட நிர்வாகம் ஒவ்வொரு கதவின் கீழாலும் ஓர் அறிவித்தல் தள்ளியது: விளக்கு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எல்லாம் தடை, குடியிருப்பாளர்களின் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை. மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். அதில் ஓரிடத்திலும் வயர் என்ற சொல் இல்லை. அந்தத் தாளைக் கொளுத்த வேண்டும் போல இருந்தது. அதற்கும் தடை.

துடக்கு முடியச் சில நாள் மிச்சம் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை மாஸ்ரர் தானே செய்தார். வாவிக்கரையில் விளிம்பெல்லாம் பனி இறுகிக் கிடந்தது. ஐயர் கோட்டுக்கு மேல் பூணூலைப் போட்டுக்கொண்டு, முடிந்தவரை விரைவாக மந்திரம் சொன்னார். மாஸ்ரர் அவரை இரண்டு தரம் நிறுத்தி, ஆறுதலாகச் சொல்லுங்கோ என்றார். பிரெஞ்சுக்காரர் கொஞ்சம் தள்ளித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தமையன் காரை விட்டு இறங்கவில்லை.

அக்காவுக்கு லாண்டட் பேப்பர் அடுத்த கோடையில் வந்தது. குத்துவிளக்கு திருத்திய குளோசெற்றில் திரும்பவும் எரிந்தது, தடை இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரிய. சாம்பிராணியும் வந்தது. பிரெஞ்சுக்காரர் திரும்பவும் முறைப்பாடு கொடுத்தார். கொள்கை வேறு, மூக்கு வேறு என்றார்.

ஆனால் மாஸ்ரர் எங்களை மன்னிக்கவில்லை. பிறகு நடந்ததெல்லாம் இதுதான். ஊரிலிருந்து போன் வரும். அக்கா கதைத்துவிட்டு வைப்பார். என்னவாம் என்று மாஸ்ரர் கேட்பார். எல்லாரும் சுகமாம் என்பார் அக்கா, உண்மையாகவே எல்லாரும் சுகமாக இருப்பார்கள். மாஸ்ரர் எழும்பி, செருப்பைப் போட்டு, கொரிடோரால் நடந்து போய்ப் பிரெஞ்சுக்காரரின் கதவைத் தட்டுவார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து அக்காவுக்கு முன்னால் இருத்துவார்.

"இப்ப சொல்லும்," என்பார். "இவருக்கு முன்னால சொல்லும்."